முட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் சிறுவன்

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில் உள்ள சிறிய ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் மூன்றாம் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன் படிக்கிறான். அவனுடைய அம்மா ஒரு வருடத்துக்கு முன்பு வளைகுடா நாடு ஒன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அப்பா லாரி ஓட்டுகிறார். போனால் பத்து நாள் கழித்துத்தான் வருகிறார். பையனும் நான்கு வயதுத் தங்கையும் பாட்டியோடும் சித்தப்பாவோடும் இருக்கிறார்கள். சில மாதங்களாக அவன் குளிக்காமல் வருகிறான், வகுப்பில் தூங்கிவிடுகிறான். சத்துணவில் கொடுக்கும் முட்டையைச் சாப்பிடாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறான், தங்கைக்கு என்கிறான். போன வாரம் விளையாடும்போது கால்சட்டை விலகியதில், தொடையின் பின்பக்கம் வளைந்த கோடுகளாக இரண்டு தடிப்புகளைப் பார்த்தேன். சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். பாட்டியிடம் கேட்டால் மாமரத்திலிருந்து விழுந்தான் என்கிறார். தலைமையாசிரியர், "குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார். இது வறுமையா, கொடுமையா? நான் தவறாக நினைத்து ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. "யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கள்ல டீச்சர்" என்று அவன் கேட்டபோது, சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளில் அவசரமானதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறதா என்பதைக் கண்டுபிடித்து நிரூபிப்பது ஆசிரியரின் வேலை அல்ல. அதற்கென்று ஆட்களும் சட்டமும் இருக்கின்றன. கண்ணில் பட்டதைக் கண்டுகொள்வதும், அதை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் உங்கள் பங்கு. அதற்கு நியாயமான சந்தேகம் போதும். உங்களிடம் அது இருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஓடி விளையாடும் பிள்ளைக்குக் காயம் படாமல் இருக்காது. ஆனால் விழுகிற பிள்ளை பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் விழும். எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்கள்தான் தரையில் மோதும். முழங்கால், கணுக்காலுக்கு மேலே உள்ள முன்னெலும்பு, முழங்கை, உள்ளங்கை, நெற்றி, தாடை ஆகிய இடங்களில் உள்ள சிராய்ப்புகள் எந்த வீட்டுப் பிள்ளையிடமும் இருக்கும். தொடையின் பின்பக்கம், உட்புறத் தொடை, புட்டம், முதுகு, வயிறு, கழுத்து, காது, கன்னத்தின் சதைப்பகுதி ஆகியவை விழும்போது எளிதில் அடிபடும் இடங்கள் அல்ல. சைக்கிளிலிருந்து விழுந்தால் மண் ஒட்டிய சிராய்ப்பு இருக்குமே தவிர, வளைந்த கோடுகள் இருக்காது. கயிற்றையோ சார்ஜர் வயரையோ இரண்டாக மடித்து வீசினால்தான் ஒரு முனை வளைந்த தடிப்பு விழும் என்பது குழந்தைகள் மருத்துவத்தில் பாடமாகவே சொல்லித்தரப்படுகிறது. பையனை நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் காயத்தின் இடம் ஒன்று சொல்கிறது, வடிவம் அதையே சொல்கிறது, பிள்ளை சைக்கிள் என்கிறான், பாட்டி மாமரம் என்கிறார். ஒரே காயத்துக்கு இரண்டு கதைகள் வரும்போது என்னைப் போன்ற மருத்துவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒன்றை மட்டும் தவிருங்கள்: தடிப்பின் நிறத்தை வைத்து, இது நான்கு நாள் ஆனது, ஒரு வாரம் ஆனது என்று கணக்கிடாதீர்கள். மருத்துவர்களாலேயே அதை நம்பிச் சொல்ல முடியாது.

நான் நிமிர்ந்து உட்காராத ஒரு நாளை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பயிற்சி முடித்த புதிதில், புறநோயாளிகள் பிரிவில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்ற ஒரு காலையில், சளி என்று மூன்று மாதக் கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக் குனிந்தபோது, இடது காது மடலின் மேல் விளிம்பில் மிளகளவு ரத்தக்கட்டு தெரிந்தது. கேட்டேன். தூளிக் கட்டையில் இடித்துக்கொண்டது என்றார்கள். சரி என்று சளி மருந்தை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். பதினோரு நாள் கழித்து அதே குழந்தை வலிப்போடு வந்தது. தலைக்குள் ரத்தக் கசிவு, விலா எலும்பில் ஆறிக்கொண்டிருந்த பழைய முறிவு. குழந்தை பிழைத்தது, ஆனால் ஒரு பக்கக் கையும் காலும் முழுமையாக மீளவில்லை. புரளக்கூடத் தெரியாத குழந்தை தானாகப் போய் எதிலும் இடித்துக்கொள்ள முடியாது என்ற எளிய விஷயம் அன்று என் தலையில் உறைக்கவில்லை. தவழாத, நடக்காத குழந்தையின் உடம்பில் உள்ள எந்தக் கன்றலும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், உடனே விசாரிக்கப்பட வேண்டியது. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் காது, கழுத்து, உடலின் நடுப்பகுதி ஆகியவற்றில் உள்ள கன்றலும் அப்படித்தான்.

இதைப் பார்க்க மருத்துவ உலகமே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. 1946-இல் ஜான் கேஃபி என்ற அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர், தலைக்குள் ரத்தம் கட்டிய ஆறு கைக்குழந்தைகளுக்குக் கைகால் எலும்புகளிலும் முறிவுகள் இருந்ததை எழுதினார். காரணம் பிறர் கைதான் என்று மருத்துவ உலகம் பரவலாக ஒப்புக்கொள்வதற்கு 1962 வரை, டென்வரில் ஹென்றி கெம்ப்பும் உடன் பணிபுரிந்தவர்களும் கட்டுரை எழுதும் வரை, பதினாறு ஆண்டுகள் ஆயின. படம் கண்ணெதிரே இருந்தது. பெற்றவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நம்ப மனம் ஒப்பவில்லை. உங்கள் தலைமையாசிரியரையும் நான் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே முதுகின் அடியிலும் புட்டத்திலும் நீலத் திட்டுகள் இருக்கும். அவை அடிபட்ட கன்றல் அல்ல, சில ஆண்டுகளில் மறைந்துவிடும். சிரங்குப் புண் காய்ந்தால் பீடியால் சுட்டது போலத் தெரியும். ரத்தம் உறையாத நோய் உள்ள பிள்ளைக்குத் தொட்டாலே கன்றும். இவற்றைப் பிரித்தறிய ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இருக்கின்றன. ஆகவே, நீங்கள் தகவல் சொல்வதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஒரு குழந்தை பரிசோதனைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

இனி, இது வறுமையா என்ற கேள்வி. நீங்கள் இப்படிக் கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது, ஏனென்றால் ஏழை வீட்டுப் பிள்ளையின் அழுக்குச் சட்டையைப் பார்த்தவுடன் பெற்றவர்களைக் குற்றம் சொல்வது நம்மில் பலருக்கு எளிதாக வருகிறது. சாயம் போன சீருடை, ஊக்கு குத்திய கால்சட்டை, அறுந்த செருப்பு, காலையில் பழைய சோறு ஆகியவை வறுமையின் அடையாளங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இருப்பது பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். காசே தேவைப்படாதவற்றைக் கவனித்தால் இது சீக்கிரம் தெளிவாகும். தண்ணீர் இருக்கும் ஊரில் பிள்ளை வாரக்கணக்கில் குளிக்காமல் வருவது, தடுப்பூசி இலவசமாக இருந்தும் போடப்படாதது, சீழ் கட்டிய பல்லோடும் இரவெல்லாம் தூங்கவிடாத சொறி சிரங்கோடும் அரசு மருத்துவமனைக்குக்கூட அழைத்துப் போகாதது, பிள்ளை இரவு எங்கே இருந்தான் என்பது வீட்டில் யாருக்குமே தெரியாதது ஆகியவை புறக்கணிப்பின் அடையாளங்கள். ஒரு நாள் நடந்தால் அது எந்தக் குடும்பத்திலும் நடப்பது. மாதக்கணக்கில் நடந்தால், அந்தப் பிள்ளைக்கு வீட்டில் பெரியவர் என்று ஒருவர் இல்லை என்று பொருள். அடி தடிப்பாகத் தெரிந்துவிடும். புறக்கணிப்புக்குத் தழும்பு கிடையாது. அதனாலேயே அது கவனிக்கப்படாமல் போகிறது.

முட்டைக்கு வருகிறேன். அதை எல்லோரும் பாசம் என்று சொல்லி நெகிழ்ந்துபோவார்கள். பாசம்தான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை தன் பசியை அடக்கிக்கொண்டு இன்னொரு பிள்ளைக்குச் சோறு சேர்க்கிறான் என்றால், அந்த வீட்டில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் செய்யவில்லை. வகுப்பில் அவன் தூங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இரவில் தங்கை அழுதால் யார் எழுந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து பையனைவிட அந்தத் தங்கையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவனையாவது நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நான்கு வயதுப் பிள்ளை பகல் முழுவதும் யார் கண்ணில் படுகிறாள்? அவள் அங்கன்வாடிக்கு வருகிறாளா, எடை எழுதியிருக்கிறார்களா என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேளுங்கள். தகவல் கொடுக்கும்போது இரண்டு பிள்ளைகள் என்று சொல்லுங்கள். பையனை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இங்கே அந்தத் தாயைப் பற்றி ஒரு வார்த்தை: பிள்ளைகளை விட்டுப் போனவர் என்று அவர் மேல் பழி விழுவதை நான் ஏற்கவில்லை. அனுப்பும் பணம் பிள்ளைகளுக்குச் சேரவில்லை என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

நடத்தையில் தெரியும் அடையாளங்களில் எதுவும் தனியாக நின்று சாட்சி சொல்லாது. முன்பு இப்படி இல்லாத பிள்ளை இப்போது இப்படி இருக்கிறான் என்ற மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். கரும்பலகையில் எழுத நீங்கள் கையை உயர்த்தும்போது தலையைக் குனிந்துகொள்வது, பள்ளி விட்ட பிறகும் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருப்பது, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோயிருந்து மறுபடி வருவது, சின்னப் பிள்ளைகளைக் காரணமின்றி அடிப்பது ஆகியவை ஆசிரியர்கள் கண்ணில் பட்டுவிடுகின்றன. கண்ணில் படாமல் போவது அளவுக்கு மீறிய அடக்கம். சொல்வதற்கு முன்பே செய்து முடிக்கும், ஒருபோதும் எதுவும் கேட்காத பிள்ளையை நாம் நல்ல பிள்ளை என்று எழுதிவிடுகிறோம்.

பாலியல் துன்புறுத்தலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பெரும்பாலும் உடம்பில் எந்தத் தடயமும் இருக்காது. பரிசோதனை இயல்பாக இருந்தது என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. வயதுக்கு ஒவ்வாத பேச்சும் விளையாட்டும், குறிப்பிட்ட ஒருவர் பெயரைக் கேட்டாலே முகம் மாறுவது, எங்கிருந்து வந்தன என்று சொல்ல முடியாத பரிசுகள், சிறுநீர் கழிக்கும்போது வலி ஆகியவை கவனிக்க வேண்டியவை. 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். உங்கள் மாணவன் விஷயத்தில் இதற்கான குறிப்பு எதுவும் கடிதத்தில் இல்லை. இருந்தாலும் மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. தான் செய்த தப்புக்குத்தான் அடி விழுந்தது என்று பிள்ளையே நம்புகிறது. அதனால்தான் சைக்கிள் கதை வருகிறது. வலியை மறைப்பதைவிடத் தன் 'தப்பை' மறைக்கவே அது பாடுபடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் பள்ளியில் உடலை வருத்தும் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை அடித்துத் துன்புறுத்தினாலும் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை தரலாம் என்கிறது. உங்கள் பள்ளியில் இன்னும் யார் கையிலாவது பிரம்பு இருந்தால் அதையும் யோசியுங்கள். பிரம்பு இருக்கும் அறையில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

அவனிடம் பேசுவதாக இருந்தால் ஒரே ஒரு முறை, மற்ற பிள்ளைகள் இல்லாதபோது, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "கால்ல என்னப்பா ஆச்சு, சொல்லேன்" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த அமைதிதான் கடினம், அதை நிரப்ப "சித்தப்பா அடிச்சாரா?" என்று கேட்டுவிடத் தோன்றும். கேட்காதீர்கள். பெயரை நீங்கள் எடுத்துக்கொடுத்தால், நாளை அவன் உண்மையையே சொன்னாலும் டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்று ஆகிவிடும். அவன் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததே போதும். ஆடையை விலக்கிப் பார்ப்பதோ, செல்போனில் படம் எடுப்பதோ, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் விவாதிப்பதோ வேண்டாம். அன்றே ஒரு தாளில் தேதி, நேரம், பார்த்த இடம், அவன் பேசிய சொற்கள் ஆகியவற்றை, திருத்தாமல், அவன் பேச்சிலேயே எழுதி வையுங்கள். தயவுசெய்து சித்தப்பாவை அழைத்துக் கேட்காதீர்கள். நல்லெண்ணத்தோடு அப்படிக் கேட்ட பள்ளிகளை எனக்குத் தெரியும். மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கே வரவில்லை.

சொல்ல வேண்டிய எண் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். இரவும் பகலும் இயங்கும், கட்டணம் கிடையாது. உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்திலும் கொடுக்கலாம். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால், இப்படிப்பட்ட பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோவார்கள். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆக வேண்டும். பிள்ளையை வீட்டிலிருந்து அழைத்துச் செல்ல நேர்ந்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். குடும்பத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயப்படுகிறீர்கள். பிள்ளையைக் குடும்பத்தில் வைத்துக் காப்பாற்றுவதே முதல் வழி, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. தாயோடு தொலைபேசியில் பேசுவது, தந்தையை வரவழைப்பது, பொறுப்பான வேறு உறவினரைக் கண்டுபிடிப்பது ஆகியவை நடக்கும். தகுதியிருந்தால், குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிகூடக் கிடைக்கலாம். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சின்ன ஊர்; யார் சொல்லியிருப்பார்கள் என்று வீட்டில் ஊகிக்கலாம். அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆகையால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். அவர் மறுத்தாலும் நீங்களே அழைக்கலாம்.

பாலியல் துன்புறுத்தல் என்ற சந்தேகம் எழுந்தால் தேர்ந்தெடுக்கும் உரிமையே நமக்கு இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரையிலும், தனக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையிலும் சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குத் தொடர முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், இயன்றவரை பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, நீங்கள் தலையாட்டியது. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு யாராக இருந்தாலும் அப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் 1098-ஐ அழைக்கும் முன்போ, அழைத்த அன்றோ அவனிடம் அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால், வீட்டு வாசலில் புதிய ஆட்களைப் பார்க்கும்போது, தனக்கு இருந்த ஒரே பெரியவரும் ஏமாற்றிவிட்டதாக அவன் நினைப்பான். "அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு தலையாட்டிட்டேன்ல, அது டீச்சர் தப்பு. உன்னையும் பாப்பாவையும் பாத்துக்கிறதுக்குன்னே சில பேர் இருக்காங்க, அவங்ககிட்ட மட்டும் சொல்லப்போறேன். நீ எந்தத் தப்பும் பண்ணல" என்று சொல்லுங்கள். அவன் கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். அந்த இரண்டு நாளும் அவனை உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சத்துணவு அமைப்பாளரிடம் சொல்லித் தங்கைக்குத் தனியாக ஏதாவது கொடுத்தனுப்ப வழி இருக்கிறதா என்று பாருங்கள். அவனுடைய முட்டையை அவன் சாப்பிடட்டும்.